ஒத்தை பஸ்

லீமாரோஸுக்கு,

உன்னைக் கூப்பிட உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். மத்தியான பஸ்ஸை நிறுத்திட்டாங்க. காலை பஸ்ஸும் இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தானாம். இன்னைக்கு ஓடுற நாளா, ஓடாத நாளா? டீக்கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வரலைன்னா உப்பூர் வரை நடந்துபோய் வேற வண்டி பார்க்கணும்.

நீயும் இன்னைக்கே கிளம்பி, வழியில பார்க்காமப் போயிட்டா? அதான் எழுதி வைக்கிறேன். சோறு வடிச்சிருக்கு, குழைஞ்சுபோச்சு. சுட்ட கருவாடு உறியில இருக்கு. என்னைத் தேடித் திரும்பவும் பஸ் ஏறிடாதே.

பெஞ்சமின்

நான் வந்து கூப்பிடாம நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனே நீ. இதைப் படிச்சா நீ மிதிச்சுட்டேன்னுதானே அர்த்தம்? யாரும் கேட்டா, நான் வந்து கூப்பிட்டேன்னே சொல்லு. பொய்யில்லை. அந்நேரம் உங்கம்மா வாசல்ல நின்னு உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருப்பேன்.