பூஜ்யத்தில் முடியும் பெட்டி

நிலவுச் சுற்று நிலையம். நாள் 38. 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. நிலையத்தில் நான் ஒருத்திதான்: பேச்சித்தாய், இயற்பியல் பட்டதாரி. கிட்டப்பார்வை. வரும்போது மைனஸ் மூன்று. பூமியிலிருந்து கவனிக்கும் டாக்டர் ஜோஸ்பினின் கண்பயிற்சித் திட்டப்படி இன்று மைனஸ் இரண்டுக்கு மாறினேன். பெட்டியில் படிப்படியாகக் குறையும் லென்ஸ்கள் இருக்கின்றன. கடைசி லென்ஸ் பூஜ்யம், வெறும் கண்ணாடி.

நாள் 90. 07:25

மைனஸ் ஒன்று. அம்மாவின் ஒலிச்செய்தி: "ஏ பேச்சி, சோடாபுட்டி போகப்போகுதாம்லா! இனி மாப்பிள்ள வீட்டுக்காரனுவ என்ன நொட்டை சொல்லுதானுவன்னு பாக்கேன்."

ஒன்று உறுத்துகிறது. பயிற்சியே செய்யாத வாரத்திலும் பவர் குறைந்தது. கேட்டேன். டாக்டரின் பதில்: "அப்ப இன்னும் நல்லதுதானம்மா? சந்தோஷப்படத் தெரியாதா உனக்கு?"

'சரி மேடம்' என்று அனுப்பினேன்.

நாள் 151. 16:40

பூஜ்யமும் பொருந்தவில்லை. தொலைவில் நிலவுப் பள்ளங்கள் துல்லியம். கையிலுள்ள உணவுப் பொட்டலத்தின் எழுத்து கலங்குகிறது. காரணம் பயிற்சி அல்ல. எடையற்ற நிலையில் உடல்நீர் தலைக்கேறி, விழியைப் பின்னாலிருந்து அமுக்கித் தட்டையாக்குகிறது. டாக்டருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில்:

"பழகிடும்மா. கண்ணாடியை விடுறவங்க எல்லாருமே முதல்ல இப்படித்தான் பயப்படுவாங்க."

எனக்கு வேண்டியது கிட்டத்தில் படிக்க உதவும் பிளஸ் லென்ஸ். பெட்டியோ பூஜ்யத்தில் முடிகிறது. இன்று கத்தியிருக்க வேண்டும். 'சரி மேடம்' என்றுதான் எழுதினேன்.

நாள் 179. 11:05

நாளை பூமிக்குத் திரும்புகிறேன். திரும்பும் கலத்தில் எஞ்சினை நிறுத்தும் தானியங்கி பழுது. திரையில் வேகம் 830 வந்ததும் எஞ்சினை நானே நிறுத்த வேண்டும். தாண்டினால் பூமியைத் தவறவிடுவேன். அப்போது கலம் நிலவின் மறுபுறம் இருக்கும், என் குரல் யாருக்கும் எட்டாது. இருக்கையில் கட்டிக்கொண்டால் திரை முகத்துக்கு ஒரு சாண், எண்கள் கலங்குகின்றன.

வழி கிடைத்துவிட்டது! லென்ஸைக் கழற்றிய வெற்றுச் சட்டத்தில் தண்ணீர் விட்டேன். இங்கே அது வழிவதில்லை. உப்பிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பிளஸ் லென்ஸ்! எண்கள் கூர்மையாகத் தெரிகின்றன.

டாக்டர்: "அடி சமத்து! தண்ணியிலயே கண்ணாடியா? எல்லாம் சரியாயிடும்னு நான்தான் சொன்னேனே."

நாள் 180. 09:32. குரல்பதிவு

எஞ்சின் ஓடுகிறது. அதன் உந்தலில் எடை வந்துவிட்டது. எடை வந்தால் தண்ணீர் நிற்குமா? வழிந்துவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீர். இயற்பியல் படித்தவளாம் நான்!

துடைத்துவிட்டேன். சன்னலில் நிலவின் மறுபுறம். ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகத் தெரிகிறது. திரையில் முதல் எண் எட்டு. அடுத்தது மூன்றா, எட்டா?

மூணா... எட்டா...

மேடம், சரியில்ல. அன்னைக்கே சரியில்ல மேடம். கேக்குதா? எனக்குத் தெரிய—