நீ என் பையில் போட்ட பிளக்

இன்று காலை துணிக்கல்லில் ஏதோ 'டக்'கென்று விழுந்தது. என் சட்டையை அலசிக்கொண்டிருந்த வீட்டுக்காரி, அந்த ஸ்பார்க் பிளக்கை எடுத்து என்முன் நீட்டினாள். "மெஷினை வித்து எத்தனை வருசமாச்சு! இதை எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையுதீய?" நீ இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. உன்னிடமே சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்ல?

சிநேகிதர்களான நாம் இருவரும் கூட்டாக வாங்கிய மெஷின் ரம்பம் அது. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கே மரம் சாய்ந்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். உனக்கு மரத்தைவிட ரம்பத்தின் செயின்மேல்தான் கண். அதன் பல்லை அரத்தால் ராவ உட்காருமுன் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். அது இல்லாமல் மெஷின் ஓடாது. "செயின்ல கை வைக்கிறவன் பையிலதான்லே பிளக் இருக்கணும். அதுக்கு நீ, நானுன்னு தெரியாது" என்பாய். "சூடம் காட்டிக் கும்பிடுலே" என்று நான் கேலி செய்வேன். உன் நிதானம் எனக்கு எரிச்சல். உனக்குத் தெரியாமல் இன்னொரு பிளக் வாங்கிக் கருவிப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

அன்று வாய்க்காலுக்குக் குறுக்கே மருதமரம் விழுந்து கிடந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்வே? பயிரு காயுது" என்று வயல்கார அண்ணாச்சி கரையில் நின்று அரித்துக்கொண்டிருந்தார். அறுத்த சூட்டில் செயின் தொங்கிவிட்டது. நான் அண்ணாச்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, செயின் ஓடும் பட்டையின் நட்டுகளை நீ தளர்த்தியிருக்கிறாய். நான் கவனிக்கவில்லை. வழக்கம்போல் பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாய். "சூடு ஆறட்டும்லே. இப்ப இறுக்குனா, ஆறும்போது சுருங்கிப் புடிச்சிக்கிடும். பொறவு நட்டை முடுக்குவோம்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாய்.

அண்ணாச்சி மறுபடியும் கேட்டார். ஒளித்து வைத்த பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். மரத்தில் வைத்ததும் செயின் கழன்று வந்து வலது கையில் அடித்தது. சுண்டுவிரல் அங்கேயே போயிற்று.

நீ ஓடிவந்து துண்டால் கையை இறுக்கிக் கட்டினாய். கட்டும்போதே மெஷினில் இருந்த பிளக்கைப் பார்த்துவிட்டாய். உன் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. துண்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாய். மறுநாள் மெஷினிலிருந்து அந்தப் பிளக்கைக் கழற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து என் சட்டைப்பையில் போட்டாய். "வச்சிக்கோலே" என்றாய்.

இரண்டாவது பிளக் இருந்தது ஊருக்குத் தெரியாது; உன்னைத்தான் குறை சொன்னது. "நட்டை முடுக்காம எந்திச்சுப் போறவன்கிட்ட மெஷினைக் குடுக்கலாமாவே?" என்று டீக்கடையில் அண்ணாச்சி சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி டீயைக் குடித்து முடித்தேன். பிறகு உன்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மெஷினை விற்றுவிட்டு நீ திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாய்.

பொங்கலுக்குப் பொங்கல் வந்து, "கை எப்படிலே இருக்கு?" என்று கேட்பாய். கேட்டுவிட்டு உடனே போகாமல் வாசலிலேயே நிற்பாய். "குளிருக்குத்தான் வலிக்கி" என்பேன். இந்தப் பொங்கலுக்கு வாசலில் யாரும் வந்து கேட்கவில்லை. இத்தனை பெரிய ஊரில் எனக்கென்று ஒருவனும் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

வீட்டுக்காரியிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஈரக்கையோடு அப்படியே நின்றாள். "பொங்கலுக்குப் பொங்கல் வந்து நின்னாகளே. அப்பச் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

பிளக்கின் ஈரத்தைத் துடைத்து மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீ போட்ட இடம் அது.