மும்முறை அழைத்தும் வாராத குட்டியின் பொருட்டு வெண்கரை விடுத்த ஓலை

நலம் விளைக. மழை தப்பாது பொழிக. வெண்கரை நாடுடையாரும், ஒரே ஆற்றை இருமுறை கடந்து இருமுறையும் வெற்றிவிழா எடுத்தவரும், பகைவரும் பசியாறிப் போகும் வாயிலாருமான குலவேள் மன்னர் திருவாய் மலர்ந்தருள, முகிலூர் நாடுடையாரும், ஓங்கிப் பேசினால் கோட்டைச் சுதை உதிரும் குரலாரும், மலையின் எதிரொலியை வாயடைக்கச் செய்தவருமான இடிமுழக்கப் பெருவேள் அரசர் திருமுன் வாசிக்க எழுதிய ஓலை. தங்கள் யானைகளும் குதிரைகளும் அரண்மனைப் பூனைகளும் நலமென நம்புகிறோம். நாயின் நலம் பற்றியதே இவ்வோலை.

வெண்கரை நாய்க்கூடத்தில் பிறந்து, ஒரு கறவை எருமைக்கு மாற்றாகத் தங்கள் அரண்மனை சேர்ந்த முத்தன் என்னும் ஏழு மாத வெள்ளைக் குட்டி, வசந்தவிழா நாளில், குறுநில மன்னர் அனைவரும் பார்த்திருக்க, தாங்கள் மும்முறை 'வா' என்று அழைத்தருளியும் வராமல், முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது என்றும், மூன்றாம் அழைப்பில் மயில்கள் இரண்டு மூர்ச்சையாயின என்றும், ஒரு குறுநில மன்னர் சிரித்துவிட்டார் என்றும், ஆதலால் அரசாணை மீறிய குற்றத்திற்காக அக்குட்டி வரும் முழுநிலா நாளில் யானைக் காலில் இடப்படும் என்றும் செய்தி வந்தது. அட தெய்வமே! கேட்டதும் எங்கள் மன்னர் கையிலிருந்த பலகாரத்தை அப்படியே கீழே வைத்தார். அவர் பலகாரத்தைக் கீழே வைத்ததை இந்நாட்டில் இதற்குமுன் கண்டவர் எவருமில்லை.

பெருவேள் அரசே, முத்தன் ஆணையை மீறவில்லை. முத்தனுக்குக் காது கேளாது. அக்குற்றம் யாருடையது என்பதை ஒளிக்காமல் உரைக்கவே இத்தனை ஓலை நறுக்குகளைச் செலவிடுகிறோம்.

எங்கள் நாட்டில் சோதியாத நாயை இணைசேர்ப்பதில்லை. விளக்கைக் காட்டிக் கண்ணையும், படியேற்றி இடுப்பையும், ஓடவிட்டு மார்பில் செவி வைத்து நெஞ்சையும், திரைக்குப் பின்னே சேகண்டி தட்டிக் காதையும் பார்ப்பவர் நாய்க்கூடக் கண்காணி கொற்றியார். அவர் முடிவை ஒரு நறுக்கில் கீறி நாயின் கழுத்தில் கட்டுவார். அந்நறுக்கைப் படித்து, இது தந்தையாகத் தக்கது, இது தகாதது என்று பேரேட்டில் ஏற்றுபவர் ஓலைநாயகம் எயினன் தேவனார். முப்பது ஆண்டுகளாக ஓலை படிப்பவர். தாம் ஓர் எழுத்தையும் பிழையாகப் படித்ததே இல்லை என்று, கேளாதவரிடமும் சொல்லிக்கொள்வார்.

வெண்சங்கு என்னும் நாயைச் சோதித்த கொற்றியார், சொல்லை வீணாக்காதவர் ஆதலால், 'கெட்ட நாய்' என்று இரண்டே சொல் எழுதிக் கட்டிவிட்டு, மருந்துவேர் தேட மலைக்குப் போய்விட்டார். ஓலையில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான் என்பது தாங்கள் அறியாததன்று. எயினன் தேவனார் அதைக் 'கேட்ட நாய்' என்று படித்தார். சேகண்டியைக் கேட்ட நாய்; நல்ல காது; தந்தையாகத் தக்கது! (வாசிப்போர் மீண்டும் குழம்பாதிருக்க, இவ்வோலையில் மட்டும் நெடிலுக்கு ஒரு சுழி கூட்டியிருக்கிறோம். பழைய எழுத்தர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.)

ஏன் அப்படிப் படித்தார் என்று வினவினால், அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அவர் நாய்க்கூடத்துள் நுழையும்போதெல்லாம் மற்ற நாய்கள் குரைத்துக் கூரையைப் பிரிக்கும். வெண்சங்கு ஒன்றே திரும்பியும் பாராமல் அமைதியாய் இருக்கும். அதை அவர் தமது பதவிக்குக் காட்டிய மரியாதை என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்துபோனார். இத்தனை பண்புள்ள நாயைக் கெட்ட நாய் என்று படிக்க அவருக்கு மனம் வரவில்லை. என்ன பெருமை, என்ன பேதைமை!

வெண்சங்குக்கு முத்தன் உட்படக் குட்டிகள் நான்கு பிறந்து, நான்கு வீடுகளுக்குப் போயின. நெடுநாள் கழித்து மலையிறங்கிய கொற்றியார், பேரேட்டைப் பார்த்துவிட்டு எழுத்துமண்டபத்துள் புகுந்து உரைத்தவற்றை, மன்னர் ஆணைப்படி ஓர் எழுத்தும் மாற்றாமல் பொறிக்கிறோம்: "ஐயா ஓலைநாயகமே! கெட்ட நாயின்னு எழுதி வச்சா கேட்ட நாயின்னு படிச்சிருக்கீரே! சேகண்டி ரெண்டா பொளக்குற வரைக்கும் தட்டினேன், அது ஒரு காதக்கூட அசைக்கலை. இப்ப குட்டிய வாங்கிட்டுப் போனவுகளுக்கு நீரா பதில் சொல்வீரு? அவுக நம்மள நம்பித்தானய்யா கொண்டுபோனாக!"

அன்றே எயினன் தேவனார் கொற்றியாரோடு நடந்தார். மூன்று வீடுகளின் கதவைத் தட்டி, எங்களால் தவறு நேர்ந்தது என்று தம் வாயால் சொல்லி, சேகண்டி தட்டிப் பார்த்தார். மூன்று குட்டிகளும் ஒலி கேட்டுத் துள்ளின. ஒவ்வொரு முறையும் அவர் அங்கேயே அமர்ந்து அழுதார். ஒரு வீட்டில் அவருக்கு மோர் கொடுத்துத் தேற்றவேண்டியதாயிற்று. நான்காம் வீடு தங்கள் அரண்மனை. அதற்குக் கிளம்பும் வேளையில்தான் யானைக்காலின் செய்தி வந்து சேர்ந்தது.

ஆதலால் எங்கள் மன்னர் உரைப்பது யாதெனில், எங்கள் கூடத்தில் பிறந்த குட்டி எந்த நாட்டு மண்ணை மிதித்தாலும், அதன் ஆயுள் உள்ளளவும் அதற்குப் பொறுப்பு நாங்களே. முத்தனைத் திருப்பித்தர விரும்பின் ஏற்போம். எருமையைக் கன்றோடு அனுப்பியிருக்கிறோம். வைத்துக்கொள்ள விரும்பின் அதனினும் மகிழ்வோம். அப்படியாயின் தாங்கள் அழைக்கும்போது குரலை உயர்த்தாமல், தரையை ஒருமுறை மிதித்துக் கையை மேலே தூக்கியருள்க. அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்க்கும். கையைக் கண்டால் வரும். தங்கள் குரலுக்கு இது இழுக்கன்று. அக்குரல் எட்டாத ஒரே உயிரும் தங்கள் கையசைவுக்கு வந்தது என்று குறுநில மன்னர் பேசுவர். முத்தனை மட்டும் எக்காலத்தும் இணைசேர்க்க வேண்டாம். வெண்சங்கும் இனித் தந்தையாகாது. எழுத்துமண்டபத்தில் ஓலைநாயகத்தின் இருக்கையடியில் உறங்குகிறது.

இவ்வளவும் கேட்ட பின்னும், சபை நடுவே சிரிப்பு எழுந்தது எழுந்ததுதான், முழுநிலா நாளில் யானையின் முன் ஓர் உயிர் கிடந்தே தீரவேண்டும் என்று தாங்கள் கருதினால், அதற்கும் ஏற்பாடு உண்டு. எங்கள் மன்னர் வேண்டாம் என்று மறுத்தார், கொற்றியார் பைத்தியமா என்று திட்டினார், முன்வந்தவர் கேட்கவில்லை. இவ்வோலையை எழுதிய கையும், இப்போது தங்கள் முன் இதை ஏந்தியிருக்கும் கையும், எயினன் தேவனாருடையவையே. குட்டியை அவிழ்த்துவிட்டு அவரைக் கட்டுக.

புறப்படுமுன் கொற்றியார் அவர் முதுகுக்குப் பின்னே சேகண்டி தட்டிச் சோதித்து, குறையில்லை என்று கீறிக் கொடுத்த நறுக்கு இத்துடன் கோக்கப்பட்டுள்ளது.

இது குலவேள் மன்னர் ஆணை. மேலே உள்ளது அவர் முத்திரை. இருநாட்டு எல்லையும் இவ்வோலைக்கு வழிவிடுக.

அரசே, அவரை மும்முறை அழைக்க வேண்டியதில்லை. ஒருமுறை அழைத்தாலே வருவார்.