கடைத்தெருவில் தண்ணீர் நிற்கவில்லை

ஹொசகேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சோமலிங்கனுக்கு,

அண்ணி நீலாம்பிகா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் வனஜாவும் குழந்தை அக்ஷதாவும் மஸ்கட்டில் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று சித்தேசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீ சரி அண்ணி சரி அண்ணி என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை பெரிய மழை பெய்தது. கடைத்தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. இதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய், எனக்குத் தெரியும். உட்கார், முழுதும் சொல்கிறேன்.

போன வருஷ மழையிலிருந்து தொடங்க வேண்டும். புனேயிலிருந்து இயந்திர உதிரிப்பாகம் செய்யும் கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலைக்கு இடம் பார்க்க வந்தார்கள். வர்த்தகர் சங்கம் எழுதியெழுதி வரவழைத்த ஆட்கள். சங்கத் தலைவர் என்ற முறையில் உன் அண்ணன் பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, மாலையும் பேடா மிட்டாயும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டது. வழக்கம்போல ஓடைத் தண்ணீர் கடைகளுக்கு அடியிலிருந்து பொங்கி வந்தது. அவர்கள் கார் நம் மிளகாய் மண்டிக்கு எதிரிலேயே நின்றுபோய், மூட்டை தூக்குகிறவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால்சட்டையெல்லாம் சேறாக இறங்கிய பெரிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், பேடாகூட எடுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த மாதமே வேறு ஊரில் பூமி பூஜை போட்டுவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று உன் அண்ணன் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நம்ம பசங்க வேலை தேடிப் பெங்களூருக்குப் போனதுக்கு யார் யாரையோ திட்டினேன் நீலா. ஊர் வழியை அடைச்சு வச்சிருந்தது என் கடை வாசப்படிதான்" என்றார். ஓடைக்கு மேல் பலகை போட்டு மூடி, ஆளுக்கு ஆள் கடையை முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்ட கதை எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அப்புறம்தான் ரேணவ்வா வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கானாவளிச் சாப்பாட்டுக்கடை வைத்து ஊருக்கே சோளரொட்டி தட்டிப் போட்டாளே, அவளேதான். இப்போது அவள் நம் மேயர். மேயர் யாரும் வர்த்தகர் சங்க வாசற்படி மிதித்ததில்லை. நாம் கடையடைப்பு செய்வோம், அவர்கள் கடைக்கு சீல் வைப்பார்கள், அவ்வளவுதான் உறவு. இவள் காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தாளாம். பாதிப்பேர் எழுந்திருக்கவில்லையாம். தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பேசியதை, உன் அண்ணன் வீட்டுக்கு வந்து அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"அண்ணாக்களா, நீங்க எங்களைத் திருடங்கன்னு சொல்றீங்க. நாங்க உங்களை ஆக்கிரமிப்புக்காரங்கன்னு சொல்றோம். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் நிசந்தான். இப்படியே சொல்லிக்கிட்டிருந்தா நம்ம பிள்ளைங்க அடுத்த ஊர்ல வாடகை வீடு தேடிக்கிட்டிருப்பாங்க."

அவள் கேட்டது இதுதான். வியாபாரிகள் ஓடைமேல் இருக்கும் கடை முகப்பை அவர்கள் கையாலேயே எடுத்துக்கொடுக்க வேண்டும். மாநகராட்சி ஓடையைத் தோண்டி, கரை கட்டி, மேலே நடைபாதையும் போட்டுக் கொடுக்கும். போலீசும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

பாத்திரக்கடை ஜீத்மல் சேட்டைத்தான் தெரியுமே, சும்மா இருப்பாரா? "நாங்க இடிச்சுட்டு நிப்போம் மேயரம்மா. உங்க ஆளுங்க குழியைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் அதுல நாங்க மீன் வளக்கிறதா?" என்றாராம். "நீங்க மீன் வளத்தா யாரு சேட் திங்கிறது?" என்று ரேணவ்வா திருப்பிக் கேட்க, மீனைத் தொடாத ஜைனக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பில்தான் பேச்சு நகர்ந்தது என்கிறார் உன் அண்ணன்.

சேட் கேட்டது நியாயமும்தான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு வேலை முடியாமல் அடுத்த துண்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. வேலை சரியாக இருக்கிறதென்று மேயரும் சங்கத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காண்ட்ராக்டருக்குப் பணம். எல்லாம் பேசி முடிந்தது. முதலில் இடிக்கிற கடை யாருடையது என்று சேட் கேட்டார்.

தம்பி, இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. நான் அங்கே இல்லை. ரேணவ்வா சொன்னாள், சேட்டும் சொன்னார், இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது. உன் அண்ணன் எழுந்து நின்று, "என் கடை" என்றாராம். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இந்த ஓடையைத் திறக்கணும்னு முதல்ல சொன்னவன் என் தம்பி. மாநகராட்சியில இன்ஜினியரா இருந்தான். அண்ணன் கடைன்னு பாக்காம எங்க வாசல்லயும் இடிக்கிறதுக்குக் கோடு போட்டான். இதே தெருவுல, உங்க எல்லார் முன்னாடியும், நீ எனக்குத் தம்பியே இல்லன்னு சொன்னேன். அவனை வேற ஊருக்கு மாத்த வச்சதும் நான்தான். அவன் நாட்டை விட்டே போயிட்டான். அவன் செஞ்சது சரி, நான் செஞ்சது தப்பு. இதை அவன் இந்த ஊர்ல இருந்தப்பவே சொல்லியிருக்கணும்."

சேட் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம்.

அடுத்த திங்கட்கிழமை மண்டி முகப்பை இடித்தார்கள். முதல் கடப்பாரை அடி உன் அண்ணன் கையால். தெருவே வேடிக்கை பார்த்தது. மண்டிக்கார விருபாக்ஷப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று சிலர் என் காதுபடவே பேசினார்கள். இரண்டு நாள் மிளகாய் நெடியும் சிமெண்டுத் தூசியும் கலந்து யாராலும் மூச்சுவிட முடியவில்லை.

எல்லாம் நேராகப் போய்விட்டது என்று நினைக்காதே. மூன்றாவது துண்டில் காண்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டான். மேயருக்குப் பெயர் வந்துவிடுமே என்று அவள் கட்சிக்காரர்களே பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். சேட் ஒவ்வொரு நாளும் குழி ஓரமாக வந்து நின்று, மீன் குஞ்சு விட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார். ரேணவ்வா என்ன செய்தாள் தெரியுமா? குழிப் பக்கத்திலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பார்க்க வருகிறவர்கள், கையெழுத்துக்கு வருகிற பைல்கள், எல்லாம் அங்கேதான். மாநகராட்சிக் கமிஷனர்கூடச் செருப்பில் மண் ஒட்ட ஒட்ட அங்கே வந்து நின்றார். உன் அண்ணன் சங்கத்து லாரிகளை வரிசையாக விட்டு மண் அள்ளச் சொன்னார். மத்தியானம் நம் வீட்டிலிருந்து அவளுக்குச் சாப்பாடு போயிற்று. ஊருக்கே ரொட்டி போட்டவளுக்கு என் ரொட்டியை அனுப்பக் கூச்சமாகத்தான் இருந்தது. "கொஞ்சம் தடிமன், அக்கா" என்று சொல்லியனுப்பினாள். சொல்லிவிட்டு முழுதும் தின்றுவிட்டாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, காண்ட்ராக்டர் தானாகத் திரும்பி வந்தான். அவன் வந்த அன்றே ஜீத்மல் சேட் யாரும் கேட்காமல் தன் கடை ஷட்டரைக் கழற்ற ஆள் வைத்தார். என்ன சேட், மீன் என்ன ஆயிற்று என்று உன் அண்ணன் கேட்டதற்கு, "அந்தம்மா இந்த வெயில்ல உக்காந்திருக்கிறதைப் பாத்து என் சம்சாரம் எனக்கு டீ குடுக்க மாட்டேங்கிறா" என்றாராம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்கு வருகிறேன். மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. பழைய பழக்கத்தில் எல்லோரும் சரக்கை மேல் தட்டுக்கு ஏற்றினார்கள். நானும் மண்டிக்குப் போய் நின்றேன். மழை கொட்டியது. ஓடையில் செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது. ஏறியது, இன்னும் ஏறியது. கரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுகொண்டு, அப்படியே ஓடியது. ரேணவ்வா முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைப் பாலத்தில் நின்றிருந்தாள். அவளும் உன் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓடுதுண்ணா" என்றாள் அவள். அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் போனதைப் போல ஒன்றையும் பார்த்ததில்லை.

புனேக்காரர்கள் திரும்பி வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மிளகாய்க்குக் குளிர்பதனக் கிடங்கு கட்ட மாநகராட்சி இடம் தருகிறது, வர்த்தகர் சங்கம் கட்டுகிறது. ஹூப்ளியிலிருந்து ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனிக்காரர் வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நம் சின்னவன் பெங்களூரிலிருந்து போன் செய்து, அம்மா, வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று கேட்டான். கேட்டதே எனக்குப் போதும்.

விநாயக சதுர்த்தி முடிந்ததும் திறப்பு விழா. மந்திரியைக் கூப்பிடலாம் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். ரேணவ்வா ஒப்புக்கொள்ளவில்லை. ஓடைக்கு முதலில் கோடு போட்ட இன்ஜினியர்தான் திறக்க வேண்டும் என்று கவுன்சிலில் தீர்மானமே போட்டுவிட்டாள். சங்கம் ஒருமனதாக ஒத்துக்கொண்டது. மேயர் கையெழுத்தோடு உனக்கு முறையான அழைப்பு வரும். அது ஊர் கூப்பிடுவது. இது வீடு கூப்பிடுவது.

உன் அண்ணன் எழுதச் சொல்லவில்லை. அவர் சொல்கிற ஆளா? அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டார், உனக்கு ஒரு போன் போட மட்டும் கை வரவில்லை. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை இந்தப் பக்கமாக வந்து எதையோ தேடுவதுபோல் நின்றார். கடைசியில், "அங்க வெயில் ரொம்பவான்னு கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். அதற்குப் பதிலை எனக்கு எழுதாதே தம்பி. நேரில் வந்து அவரிடமே சொல்.

வனஜாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
நீலாம்பிகா