சொந்த வீடு இல்லாதவர் என்பதற்கான அத்தாட்சி

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் வண்டி எடுக்க வேண்டும் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும்! உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா? உன் மாமியார் இன்னும் படுக்கையில்தானா?

இங்கே வீட்டு ஓனர் கட்டடத்தை விற்றுவிட்டார். ஜூனுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். நல்லவேளையாக, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்ப்பவள் ஒரு திட்டத்தைச் சொன்னாள். இதுவரை சொந்த வீடே வாங்காதவர்களுக்கு, வீட்டுக்கான முன்பணத்தை வீட்டுவசதி அலுவலகமே கொடுக்கிறதாம். தகுதியை மட்டும் சரிபார்ப்பார்கள். இத்தனை வருடச் சம்பளச் சீட்டையும் கட்டி எடுத்துப்போய் மனு கொடுத்துவிட்டேன்.

பார்த்து வைத்திருப்பது இரண்டே அறைதான். ஆனால் குளியலறையில் ஜன்னல் இருக்கிறது. என் மகள், உன் மருமகள், தன் அறைக்கு என்ன நிறம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

உன் அக்கா

ஏப்ரல் 11

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குத்தான் கவலை. அந்தத் திட்டத்தை நம்பாதே. நூறு காகிதம் கேட்பார்கள், கடைசியில் கை விரிப்பார்கள். என்னோடு லாரி ஓட்டுகிற ஒருவன் அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தத் தலைவலி? நல்ல வாடகை வீடாக நானே பார்த்துத் தருகிறேன். மனுவைத் திரும்ப வாங்கிவிடு. வாங்கியதும் ஒரு வரி எழுது, மறந்துவிடாதே.

உன் தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

மனுவைத் திரும்ப வாங்கவில்லை. நேற்று சரிபார்க்கும் அதிகாரி கூப்பிட்டிருந்தார்.

“அம்மா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு வீடு இருக்கு. இந்த உதவியவும் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிட்டீங்க. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்” என்றார்.

அது வேறு யாரோ என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். உன் வீட்டு விலாசம். உன் பெயர், பக்கத்தில் என் பெயர், கீழே என் கையெழுத்து.

தேதியைப் பார்த்தேன். என் கணவர், உன் மாமா, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த மூன்றாவது நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் ஒரு காகிதக் கட்டை வைத்து, “இன்சூரன்ஸ் பேப்பர்க்கா, போட்டுடு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றாய். நீ விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். மறுநாள் அவர் போய்விட்டார்.

உன்னிடம் அப்போது நிரந்தர வேலை இல்லை, என்னிடம் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனடா. அதுதான் ஆறவில்லை.

நான் விவரம் தெரியாமல் போட்ட கையெழுத்து, அந்த வீட்டில் ஒருநாளும் வசித்ததில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் மனுவை மறுபடி பார்ப்பாராம். ஒரு பக்கம் போதும். ஜூன் வருகிறது.

அக்கா

மே 6

பாசமுள்ள அக்காவுக்கு,

நீ கேட்பதை எழுதினால் வீட்டை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். பின் அறையில் என் மாமியார் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடக்கிறார். அவரைத் தெருவில் போடச் சொல்கிறாயா? உன் மனது அப்படிப்பட்டதல்ல என்று எனக்குத் தெரியும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நீயும் படித்தவள்தானே? படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மாமா போனபோது ராத்திரி பகலாக ஓடியவன் யார் என்பதையும் நினைத்துப் பார். நமக்குள் உன் வீடு, என் வீடு என்று ஏது?

அலுவலகத்திலிருந்து எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. எல்லோருக்கும் நல்லபடியாக முடியும்படி பதில் எழுதிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் தம்பி

மே 30

தம்பிக்கு,

நீ எழுதிய பதிலை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேனாம். உன் மாமாவும் நானும் உன் வீட்டுப் பின் அறையில் இரண்டு வருடம் குடியிருந்தோமாம். நீ அந்த வீட்டின் சாவியை வாங்குவதற்கு முன்பே அவரைப் புதைத்துவிட்டோம். அவரையும் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டாய்.

அவருடைய இறப்புச் சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. அதை மேசையில் வைத்திருந்தால் உன் கதை அன்றே முடிந்திருக்கும்.

“இதெல்லாம் உண்மையாம்மா?” என்று கேட்டார்.

உண்மைதான் என்றேன். மனுவின் மேல் நிராகரிப்பு முத்திரை குத்தினார். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அந்த வீட்டில் போய் இருக்க நான் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாதி உங்க வீடு. சொந்த வீட்டுக்குப் போக யார்கிட்டம்மா கேக்கணும்?”

உன் பதிலின் நகல் ஒன்று முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வேன் சொல்லியிருக்கிறேன். நானும் உன் மருமகளும் வருகிறோம். பின் அறையைக் காலி செய்து வை. உன் மாமியாருக்குக் கூடத்தில் கட்டில் போட்டுக்கொள். அவர் நல்ல மனுஷி, என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் அந்த அறை எனக்கு வேண்டும். பூட்டை மாற்றலாம் என்று நினைக்காதே. சான்றிதழ் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

பதில் போட வேண்டாம். சனிக்கிழமைக்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் ஒரே விலாசம்தான்.

அக்கா