நாலு மீட்டர் காற்று

நாமக்கல்
24.8.2025

என் லச்சுமிக்குட்டிக்கு,

மீனா எழுதுறேன். ஹாஸ்டல்ல எல்லார் போனையும் வாங்கி பீரோவுல பூட்டிட்டாக. நீட் ரெண்டாவது வாட்டி எழுதுற பிள்ளைகளுக்கு லெட்டர் மட்டுந்தான் அனுமதியாம். நான் பாதி பாத்த வீடியோ பதினேழு இருக்கு, அத நெனச்சாத்தான் அழுகையா வருது.

விசயத்துக்கு வாரேன். நம்ம மடக்குப் படகு இருக்குல்ல, ஜூன் மாசம் கொச்சிக்காரர் ஒருத்தர்ட்ட பழசா வாங்கி எங்க மோட்டார் ரூம்ல மடக்கி வச்சிருக்கோமே, அதுக்கு ரெண்டு ஓரத்துலயும் தோலுக்கு, அதான் சட்டத்து மேல மாட்டுற உறைக்கு, உள்ளுக்குள்ள நீளமா ஒரு காத்துக்குழாய் போகும். அந்த ரெண்டும் மக்கிப்போச்சு. அது இல்லேன்னா தோல் தொளதொளன்னு கெடக்கும், தண்ணி உள்ள வந்தா படகு நேரா கண்மாய் அடிக்குத்தான். செஞ்ச கம்பெனி இப்ப அந்தக் குழாய விக்கிறதே இல்ல. உலகம் பூராம் ஆளுக வீட்டுலயேதான் செஞ்சுக்கிறாக. நாமளும் செய்யுறோம். நாமன்னா நீ.

நான் வரவழைச்ச துணி, சூடு பட்டா ஒட்டுற நைலான், உங்க வீட்டுலதான் இருக்கு. வழவழன்னு பூச்சு இருக்குற பக்கத்த ஒண்ணுக்கொண்ணு பாத்தாப்புல மடி. மேல பட்டர் பேப்பர். இஸ்திரிப் பெட்டிய காட்டனுக்கும் பட்டுக்கும் நடுவுல வையி. பத்து எண்ணுற வரைக்கும் அழுத்து, எடு, மர ஸ்கேல வச்சு ஆற விடு. ஆறுறதுக்கு முந்தி அசைச்ச, போச்சு. நாலு மீட்டர், ரெண்டு குழாய். நீதான் பட்டாசுக் கம்பெனியில தெனம் ஆயிரம் பெட்டி ஒட்டுறவளாச்சே, உனக்கு இது தூசி.

நவம்பர் 28ல இருந்து எனக்குப் பத்து நாள் லீவு. கண்மாய் நெறஞ்சிருக்கும். அந்தப் பத்து நாள விட்டா அடுத்த மழைக்குத்தான். நீ முன்னாடி, நான் பின்னாடி. எழுதி வச்சுக்கோ.

உன்
மீனா


விஸ்வநத்தம்
7.9.2025

அன்புள்ள மீனாவுக்கு,

லட்சுமி எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இவ்வளவு வேலை வைத்திருக்க மாட்டாய். பேச்சுத் தமிழில் எனக்குக் கடிதம் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரியே எழுதுகிறேன், சிரிக்காதே.

தீபாவளி சீசன். ராத்திரி ஏழு மணிக்குத்தான் கம்பெனி வண்டி வீட்டில் இறக்கிவிடுகிறது. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஆறு நாளில் ஒரு குழாய் முடித்தேன். ஒட்டு நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. நேற்று ராத்திரி வாயால் ஊதி மூடினேன். மூச்சு வாங்கிவிட்டது. கிண்ணென்று இருந்தது. வீட்டின் நீளம் போதாமல் வாசலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பாம்பு உரித்த சட்டை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

எங்கே போகிறது இந்தக் காற்று என்று நீயே சொல்லு.

அன்புடன்
செ. லட்சுமி


நாமக்கல்
14.9.2025

லச்சுமி,

படிச்சதும் தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். பத்து எண்ணச் சொன்னேன், நீ எட்டுல எடுத்திருப்ப. இல்லேன்னா ஆறுறதுக்குள்ள தூக்கிருப்ப. மடிச்ச ஓரத்துல சுருக்கம் விழுந்திருந்தாலும் காத்து போகும். உங்க அம்மா சமைக்கிற எண்ணெக் கை பட்டிருந்தாலும் ஒட்டாது. நான் வீடியோவா பாத்துத் தள்ளிருக்கேன், ஒருத்தருக்குக்கூட மொத்தமா எறங்கல. நீ மட்டும் எப்படி?

ஒட்டு நெடுக சோப்புத் தண்ணி தடவிப் பாரு. நொர முட்ட வர்ற எடத்த மறுபடி தேய். நான் இங்கன தாவரவியல் படிக்கிற நேரத்துல உன் குழாயப் பத்தித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன், மார்க்கு போனா நீதான் பொறுப்பு.

மீனா


விஸ்வநத்தம்
28.9.2025

அன்புள்ள மீனாவுக்கு,

பத்து எண்ணினேன். பிறகு பன்னிரண்டு எண்ணினேன். கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். அம்மாவை அடுப்படியை விட்டு வரக் கூடாது என்று சொன்னேன், அதற்கு வாங்கிய திட்டு தனி. ஒட்டு நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு முட்டைகூட வரவில்லை. மறுநாள் காலையில் காற்றும் இல்லை.

இரண்டாவது குழாயும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. விடிய விடிய அம்மாவுக்குப் படுக்க இடமில்லை. “இத வீட்ட விட்டு எடு, இல்ல என்னய எடு” என்கிறாள்.

கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஞாயிறும் வரச் சொல்கிறார்கள். நீ எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போய்விடுகிறாய், எண்ணுவது நான். மூன்று குழாயையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் குற்றம் சொல்லு.

செ. லட்சுமி


நாமக்கல்
12.10.2025

செ. லட்சுமிக்கு,

கண்ணால பாத்தேன்.

துணி தொவைக்கிற தொட்டியில ஒவ்வொண்ணா ஊதி முக்கினேன். ஹாஸ்டலே சுத்தி நின்னு வேடிக்க பாத்துச்சு. ஒட்டுல ஒண்ணுமில்ல, ஒட்டு பிரமாதம். முட்ட வந்தது துணியில. ஒட்டுல இருந்து நாலு வெரக்கட உள்ள, மூலையில, ஒரு ஓட்ட. மூணு குழாய்லயும் அதே எடத்துல. வட்டமா, சுத்தமா, ஊசி குத்துன ஓட்ட.

எலி கடிக்கல, துணி கிழியல. யாரோ ஊசிய எடுத்துக் குத்திருக்காக. வீட்டுல இருக்குறது நீயும் உங்க அம்மாவுந்தான்.

உனக்குத் தண்ணியில எறங்க இஷ்டமில்லேன்னா ஜூன் மாசமே சொல்லிருக்கலாம்ல. நான் என்ன கையப் புடிச்சா இழுத்தேன்? வாரேன் வாரேன்னு சொல்லிட்டு, செய்யுற மாதிரி செஞ்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு குத்து. உன் பொழப்பே ஒட்டுறதுதான, அதயே ஒழுங்கா செய்யாதவ எனக்கு எப்படி செய்வ. இந்தத் துணிக்கு நான் எம்புட்டு நாள் காத்துக் கெடந்தேன்னு உனக்குத் தெரியும்.

மிச்சத் துணிய எங்க வீட்டுல யார்ட்டயாவது குடுத்துரு. நான் வந்து பாத்துக்கிறேன்.

பாண்டிமீனா


நாமக்கல்
2.11.2025

லச்சுமி,

மூணு வாரமாச்சு. தீபாவளிக்குக்கூட ஒரு வரி இல்ல. நான் எழுதுனது கொஞ்சம் கூடத்தான், அந்தப் பொழப்பு பத்தின வரி. அத அடிச்சிரு. ஆனா ஓட்ட இருக்கு லச்சுமி. அதுக்கு நீ ஏதாவது சொல்லித்தான ஆகணும். பேசாம இருந்தா நான் என்னன்னு எடுத்துக்க?

மீனா


விஸ்வநத்தம்
23.11.2025

மீனாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. ஒரு வரியை அடித்துவிடச் சொன்னாய். பேனாவால் எழுதியதை எப்படி அடித்தாலும் அடியில் தெரிகிறது.

ஓட்டை எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஊசி குத்திய ஓட்டை என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று வீட்டில் இருந்த ஊசிகளை எல்லாம் எண்ணினேன். அம்மாவையும் சந்தேகப்பட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பேக்கிங் பிரிவுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். சூப்பர்வைசர் அழகுராஜா அண்ணன் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். கிப்ட் பெட்டிக்கு மேல் கண்ணாடித் தாள் சுற்றி, ஓரத்தை மெஷினில் ஒட்டி, சூடான கூண்டுக்குள் தள்ளுவோம். தாள் சுருங்கிப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தள்ளுவதற்கு முன்னால் மூலையில் ஊசியால் ஒரு குத்து. இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய காற்று போக வழியில்லாமல் தாள் அப்பளம் மாதிரி உப்பிக் கிழிந்துவிடும். அந்த ஊசி எப்போதும் என் சட்டைக் காலரில் குத்தியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் சொன்னேன், “ஒட்டு, குத்து, தள்ளு. அம்புட்டுத்தான் வேலை.”

சொல்லிவிட்டு, காலரில் இருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல், மிச்சத் துணியில் ஒரு சாண் ஒட்டினேன். அம்மாவை என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். முடித்துவிட்டு, “நான் குத்துனேனா?” என்று கேட்டேன்.

“குத்துனியே. நெதமும் குத்துறதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். செய்முறையே அப்படித்தான்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். உனக்கு உடனே எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். எடுத்ததும் அந்த வரி ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டேன். வேலை ஒழுங்காக வராததால் விழுந்த ஓட்டை இல்லை மீனா அது. வேலை அவ்வளவு ஒழுங்காக வந்ததால் விழுந்தது.

நீ எழுதியதில் ஒன்று சரி. எனக்குத் தண்ணீர் பயம். ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். நீ பேசுகிற வேகத்தில் சொல்ல இடம் கிடைக்கவில்லை, நானும் தேடவில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்தார்கள். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பழைய சுடிதாரோடு உட்கார்ந்து இரண்டு குழாய் செய்தேன். முடிக்கும்போதெல்லாம் கை காலருக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஊதி வைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். அம்மா அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் அளவுக்குக் கிண்ணென்று நின்றது.

போன புதன்கிழமை உன் அம்மாவிடம் சாவி வாங்கி மோட்டார் ரூமைத் திறந்து படகைக் கண்மாய்க்குக் கொண்டுபோனேன். உன்னைக் கேட்கவில்லை. சட்டத்தைப் பூட்ட ஒரு மணி நேரம் ஆனது. நீ வீடியோவில் காட்டியபோது பத்து நிமிடம் என்றாய். அம்மா கரையில் நின்று, “ஏ பிள்ள, வேணாம், எறங்கிரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். படகு இரண்டு பக்கமும் ஆடிவிட்டு நின்றது. கருவேல மரங்கள் பாதி முங்கி நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அங்கே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யாரும் எதையும் எண்ணச் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

இதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

படகைத் துடைத்து மடித்து மோட்டார் ரூமிலேயே வைத்துவிட்டேன். சாவி உன் அம்மாவிடம் இருக்கிறது. துணி உன்னுடையது, தெரியும். ஆனால் குழாய்களை உருவி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் செய்தவை. ஊதியபடியே பரணில் வளைந்து கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். திங்கட்கிழமை எங்கள் கம்பெனி திறக்கிறது, அப்புறம் ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன். குழாய் வேண்டுமென்றால் வந்து கேள். கடிதத்தில் கேட்காதே.

செ. லட்சுமி