ஊசிக்குப் பதிலாக ஒரு ஆள்

நவம்பர் 2, ஞாயிறு

பிரபு என்னைக் கூப்பிட்டது அவன் மனைவிக்குத் துணையாக இல்லை. ஊசிக்குப் பதிலாக.

இன்றுதான் புரிந்தது. காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி உடைந்தது. அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஷேர் ஆட்டோவில் பாதி நனைந்து போய்ச் சேர்ந்தேன். சுகன்யாவுக்கு ஆஸ்பத்திரிப் பை அடுக்கிக் கொடுப்பதுதான் வேலை. கல்லூரி முழுக்க என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது நிறைமாசம், இரண்டு காலும் வீங்கிக் கிடக்கிறாள்.

பை: பழைய நைட்டி, சாக்ஸ், தேங்காய் எண்ணெய், வளையும் ஸ்ட்ரா, துண்டு, போன் சார்ஜர். குழந்தைக்கு வெள்ளைத் துணி, துவைத்தது. புதுசு ஆகாது என்று மாமியார்.

அந்த அம்மா வாசலிலேயே விசாரணை வைத்தார்.

"டூலான்னா என்னம்மா, மருத்துவச்சியா?"

"இல்லம்மா. புள்ள எடுக்கறது டாக்டர் வேலை. நான் கூட இருப்பேன். இடுப்ப அமுக்கி விடுவேன், கை புடிச்சுப்பேன், பயந்தா பேசிட்டு இருப்பேன்."

"கூட இருக்கறதுக்கு ஒரு படிப்பு! அடி அண்ணாமலைல எந்தப் பக்கம் வீடு?"

எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் பக்கம் என்றேன். டீ வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப்.

முதுகில் போடுகிற வலி மறக்கும் ஊசி வேண்டும் என்று சுகன்யா ஏழாம் மாசமே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். டாக்டரும் சரி என்றார். சு. எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். கிளம்பும்போது பிரபு தெருமுனை வரை கூடவே வந்தான்.

"நீ பேசி அவ மனச மாத்திடு, ரேவதி. முதுகுல குத்திட்டா ஆயுசுக்கும் முதுகு வலியாம். ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரிங்களே ஊசி இல்லாம பெத்துக்கறாங்களாமே, உன்னை வெச்சு."

"அது அவங்க இஷ்டம்ணா. சுகன்யாவுக்கு ஊசி வேணும்."

"நீ இருக்கும்போது ஊசி எதுக்கு? அதுக்குத்தானே உன்னை வெச்சது."

ஆட்டோவைக் கைகாட்டி ஏறினேன். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் சு.வுக்கு நானும் இருந்திருக்க மாட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. பால் திரிந்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்த மேடத்துக்கு போன். செங்கம் ரோட்டில் வீடு எடுத்து, மலையைப் பார்த்தபடி பிள்ளை பெற வருகிறவர்களுக்கு வேலை செய்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். "ஊசி போட்டதும் நம்ம வேலை முடிஞ்சுது. வாழ்த்து சொல்லிட்டு வந்துடு" என்றார். இதமான குரல். எப்போதும் இதமான குரல்தான்.

வலி இருந்தால் நான் மருந்து. மருந்து வந்தால் நான் வேண்டாம். இடையில் சு. என்று ஒருத்தி இருக்கிறாள், ஊசியும் வேண்டும் நீயும் வேண்டும் என்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

விடிந்ததும் போன். வலி வந்துவிட்டது. பௌர்ணமி வேறு. ஆட்டோ கிடையாது, பாதை முழுக்க ஜனம். நடந்தே போகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று மீதி எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் வலி. பெற்றது நானா அவளா!

மலை சுற்றுகிற கூட்டத்தோடு டவுனுக்கு நடை. யாரோ தொன்னையில் பொங்கலைக் கையில் திணித்தார்கள். தின்றுகொண்டே நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் சு. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். இடுப்பு அமுக்கினேன், எண்ணெய் தேய்த்தேன், நடக்க வைத்தேன். மதியம் வரை சமாளித்தாள். பிறகு என் கையைக் கடித்தாள். நிஜமாகவே. இன்னும் பல் தடம்.

"போதும்டி. ஊசி போடச் சொல்லு."

சிஸ்டரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம். வலி இவளுக்கு, கையெழுத்து அவனுக்கு. இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை. நானே போனேன். வராந்தாவில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மா.

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லும்மா. நாங்கல்லாம் பெத்துக்கலையா? வலி இல்லாம பெத்தா புள்ள மேல பாசம் வராது."

"அப்ப உங்க புள்ளைய பாசத்தோட உள்ள வந்து நிக்கச் சொல்லுங்க. ஒரு வலி, ஒரே ஒரு வலி முடியற வரைக்கும் நிக்கட்டும்."

சத்தமாகத்தான் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு கிழவர், "போட்டுடுப்பா" என்றார். பிரபு கையெழுத்துப் போட்டான். இரக்கம் இல்லை, மானம்.

ஊசி போடும்போது அவள் முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். நடுவில் வலி வந்தாலும் அசையக் கூடாது. முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி என் நெஞ்சில். "மூச்ச விடு. இன்னும் கொஞ்சம். விடு." கல் மாதிரி இருந்தாள். எந்தச் சாமியாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. சிரித்தாள். "பசிக்குதுடி" என்றாள்.

உடனே சிஸ்டர்: "நீங்க வெளிய இருங்கம்மா. வலிதான் இல்லையே, இன்னும் துணை எதுக்கு?"

டாக்டர் துணைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார் என்றேன். "அதெல்லாம் வலி இருக்கறவங்களுக்கு." கதவு சாத்தியாயிற்று.

வராந்தாவில் மாமியாருக்குப் பக்கத்து நாற்காலி. அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். உள்ளே சு. குரல், ஒரு தடவை, என் பேர். எழுந்தேன். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. சாயங்காலம் வரை அப்படியே.

கடைசியில் திறந்தது. அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இந்த சிஸ்டர் தனி ஆள்.

"அந்தப் பொண்ணு இருக்காளா? கால புடிக்க ஆள் வேணும்."

துணையாக இல்லை, காலைத் தாங்குகிற கட்டையாக. போகட்டும், உள்ளே போனேன்.

சு. நடுங்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கு அப்படி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"எங்கடி போன?"

"வெளிய நிறுத்திட்டாங்க. வலிக்குதா?"

"வலிக்கல. அதான் பயம். கால் எங்க இருக்குன்னே தெரியல. புள்ள இறங்குதா, நின்னுடுச்சா, ஒண்ணும் தெரியல. கேட்டா சும்மா படுன்றாங்க."

சாக்ஸ் மாட்டினேன். அவள் கையை எடுத்து அவள் வயிற்றிலேயே வைத்தேன். "இறுகுது பாரு. இதான் வலி. இப்ப முக்கு." இறுகும்போதெல்லாம் சொன்னேன். அவள் முக்கினாள். டாக்டர் வந்தார். "நல்லா சொல்லிக் குடுக்கறியே" என்றார். அதற்குள் தலை தெரிந்தது. சு.வின் கையைப் பிடித்துத் தொட வைத்தேன். "ஈரமா இருக்குடி" என்றாள், அழுதாள், திட்டினாள், பெற்றாள்.

பெண். நல்ல கனம். பாசம் வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் சு.வின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பிரபு தம் அடிக்கப் போயிருந்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை இல்லை, புழுக்கம். குடை ரிப்பேர் ஆகவில்லை.

குழந்தைக்குப் பேர் வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சு. கூப்பிட்டதால் போனேன். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். கேசரியில் நெய் ஜாஸ்தி. எனக்கு மறுபடி பேப்பர் கப். ஆனால் இந்தத் தடவை மாமியார் என் தோளில் கை வைத்தார்.

"என் மருமவளுக்கு ஒரு ஊசி கிடையாது, மருந்து கிடையாது. எங்க காலத்து மாதிரி சுகமா பெத்துட்டா. எல்லாம் இந்தப் பொண்ணு கைராசி."

முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். பிரபுவைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான். எல்லோரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறான்.

பிரபுவின் தங்கை கீதா, ஆறு மாசம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்துக்கடி. உங்க அண்ணி மாதிரி தைரியமா இருக்கணும். ஊசி கீசின்னு ஆரம்பிச்சே, பாரு."

"இந்தப் பொண்ணையே வெச்சுடலாம். செலவும் கம்மி."

கீதா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக: "நெசமாவே ஒண்ணும் போடலியாக்கா? எப்படி தாங்கினாங்க?"

வாயைத் திறந்தேன். சு. என் மணிக்கட்டைப் பிடித்தாள், அன்று கடித்த அதே இடத்தில். சொல்லாதே என்கிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. குழந்தையை என் மடியில் மாற்றினாள்.

"ஏங்க," என்றாள். குரல் ஏறவில்லை. "கையெழுத்து போட்டது நீங்கதானே. ஊசி போட்டுதான் பெத்தேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

மாமியார் கேசரித் தட்டை எடுத்தார், வைத்தார். பிரபு எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான். குழந்தைக்குப் புழுங்குகிறதாம்.

"சொல்லுங்க," என்றாள் சு.